பேட்டரி ரூமில் ஆசிட் கொட்டிய இரவு

அஞ்செட்டிப் பக்கம் ராத்திரியில் பெருஞ்சத்தம் கேட்டால் முதலில் யானை என்றுதான் தோன்றும். போன ஆவணியில் ஒரு நாள், மணி இரண்டு இருக்கும், வீட்டுக்குப் பின்னால் தடால் என்று ஒரு சத்தம். கூடவே இரும்பு இழுபடுகிற ஓசை. மின்விசிறி நின்றுபோனது. ராகிக் கொல்லையில் இறங்கிவிட்டதா, பின் சுவரையே தள்ளிவிட்டதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் படுத்தே கிடந்தேன். யானையாக இருந்திருந்தால் எனக்குச் செலவு குறைந்திருக்கும்.

என் நிலத்துக்கு ஈ.பி. லைன் கிடையாது. கடைசிக் கம்பம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, நடுவில் காடு. ஓசூரில் இருபத்தாறு வருஷம் ஆலையில் உழைத்துவிட்டு வெளியே வந்த பணத்தில் இங்கே வந்து உட்கார்ந்தேன். 3 கிலோவாட் சோலார் பேனல், 5 கே.வி.ஏ. இன்வர்ட்டர், 12 வோல்ட் 150 ஏ.ஹெச். ட்யூபுலர் பேட்டரி எட்டு. நான்கு நான்காகச் சேர்த்து 48 வோல்ட்டில் இரண்டு வரிசை. இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டில் மேல்தட்டில் ஒரு வரிசை, கீழ்த்தட்டில் ஒரு வரிசை. ஒரு பேட்டரி நிரம்பிய நிலையில் 58 கிலோ. அதில் ஆசிட் மட்டும் சுமார் 18 லிட்டர். எட்டுக்கும் சேர்த்தால் 140 லிட்டருக்கு மேல். ஒரு பேரலுக்குக் கொஞ்சம் குறைவாக சல்ஃப்யூரிக் ஆசிட்டை வீட்டுக்குள் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன் என்ற கணக்கை நான் போட்டதே எல்லாம் முடிந்த பிறகுதான். நான்கு வருஷம் அதை 'கரண்டு' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வீட்டில் நான் மட்டும். வீட்டம்மா மகள் பிரசவத்துக்காக ஓசூர் போயிருந்தார். செல்போன் டார்ச்சோடு பேட்டரி ரூம் கதவைத் திறந்தேன். ஸ்டாண்டின் முன்கால் ஒன்று மடங்கி, மேல்தட்டு சாய்ந்து, இரண்டு பேட்டரிகள் தரையில் கிடந்தன. ஒன்று மூலையில் அடிபட்டு மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. இன்னொன்று குப்புறக் கிடந்து மூடிகள் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. தரை முழுக்க ஈரம். அந்த ஈரம் சும்மா இல்லை, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'ஸ்ஸ்' என்று முனகியது. சிமென்ட் தரையை ஆசிட் தின்கிற சத்தம் அது. வாசற்படிக்குப் போட்டிருந்த கடப்பா கல்லின் மேல் சோடா பாட்டில் உடைத்தாற்போல் நுரை. தொண்டையில் ஒரு புளித்த காரல். எனக்குக் கால் நடுங்கியது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடுங்கியது.

செய்யக்கூடாததை எல்லாம் வரிசையாகச் செய்தேன். முதலில் உள்ளே போனேன். ஹவாய் செருப்பு, லுங்கி, வெறுங்கை. விழுந்த பேட்டரியை நிமிர்த்தி வைத்தால் மிச்ச ஆசிட்டாவது தங்குமே என்று தோன்றியது. 58 கிலோவை வழுக்குகிற தரையில் தனி ஆளாகத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. நல்லவேளை. இழுபட்ட கேபிள் எங்கேயோ இடித்து டி.சி. ஃபியூஸ் போயிருந்தது, அதனால்தான் மின்விசிறி நின்றது. ஆனால் கீழ்வரிசை நான்கும் அப்போதும் 48 வோல்ட்டோடு உயிரோடுதான் இருந்தன. ஆசிட் ஈரத்தில் மின்சாரம் நன்றாகவே ஓடும். 48 வோல்ட் ஆளைக் கொல்வது அரிது என்றாலும் ஒரு ஸ்பேனர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் வருகிற பொறி வெல்டிங் பொறி மாதிரி இருக்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். ஆகவே கதவைத் திறந்ததும் செய்ய வேண்டியது, வெளியில் நின்றபடியே லோடை அணைத்து, பேட்டரி எம்.சி.பி.யை, அதாவது கரண்டைத் துண்டிக்கிற சுவிட்சை, இறக்குவது. என் எம்.சி.பி. ரூமுக்குள்ளே, பேட்டரிக்கு நேர் மேலே இருந்தது. ஈரத்தில் நடந்துபோய்த்தான் அதை இறக்கினேன். இப்போது அது வெளிச்சுவரில் இருக்கிறது. டெர்மினல் நட்டைக் கழற்றிப் பிரிக்கிற வேலை அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அது காலை ஐந்தரைக்குத்தான் உறைத்தது. பொழுது விடிந்தால் பேனல் தானாக வேலையை ஆரம்பிக்கும். உடைந்தும் நனைந்தும் கிடக்கிற வரிசைக்குள் கரண்டு வந்து இறங்கும். விடியுமுன் பேனலைத் துண்டிக்கிற ஐசோலேட்டர் சுவிட்சையும் இறக்கிவிட வேண்டும்.

அடுத்த தப்புதான் பெரிய தப்பு. ஆசிட் கொட்டினால் தண்ணீர் ஊற்று என்று எல்லோரும் சொல்வார்கள். உடம்புக்கு அது சரி. தரைக்கு? தொட்டி மோட்டார் ஓடாததால் ஹோஸில் சாய்வுத் தண்ணீர்தான் வந்தது, அதை வைத்து ரூமைக் கழுவித் தள்ளினேன். ரூமில் தண்ணீர் வெளியேற அரையடி உயரத்தில் இல்லை, தரையோடு தரையாக ஒரு இரண்டங்குலப் பைப் வைத்திருந்தேன். கட்டும்போது மேஸ்திரி, "சார், கழுவி விட வசதியா இருக்கும்" என்றார், நானும் தலையாட்டினேன். அந்தப் பைப் வழியாக இருபத்தைந்து லிட்டர் ஆசிட் இருநூறு லிட்டர் ஆகிப் பின்வாசலுக்கு ஓடியது. அங்கிருந்து வாய்க்கால். வாய்க்கால் ஓரத்தில் மூன்று வருஷப் பலாக்கன்று. அதைத் தாண்டி நாற்பதடியில் கிணறு. ஒரு ரூமுக்குள் நின்றிருந்ததை நானே நிலத்துக்கு அனுப்பிவைத்தேன். டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பியபோதுதான் வாய்க்கால் மண் நுரைப்பது தெரிந்தது. அப்போது வந்த பயம் அதுவரை வந்த பயத்தைப் போல் இல்லை, வயிற்றில் கல் விழுந்த மாதிரி.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வாய்க்காலுக்குக் குறுக்கே அணை போட்டேன். அதைச் செய்துவிட்டு நிமிர்ந்தபோது கால் எரிய ஆரம்பித்திருந்தது. பேட்டரி ஆசிட்டில் இதுதான் விஷயம், பட்ட உடனே சுடாது. வழவழப்பாக, லேசான அரிப்பாக இருக்கும், நாம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஈரம் காயக் காய அது கெட்டியாகி வேலையைக் காட்டும். மாட்டுத் தொட்டியில் காலை விட்டு இரண்டு நிமிஷம் கழுவிவிட்டு வந்துவிட்டேன். குறைந்தது இருபது நிமிஷம், ஓடுகிற தண்ணீரில், செருப்பையும் லுங்கியையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கழுவியிருக்க வேண்டும். கணுக்காலில் இன்றைக்கும் காலணா அளவு தழும்பு இருக்கிறது. அந்த லுங்கி அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் துவைத்தபோது கையோடு வந்துவிட்டது, சல்லடை மாதிரி. பருத்தித் துணியை இந்த ஆசிட் அப்படித்தான் செய்யும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து சேர்ந்தார், வாயில் பீடியோடு. "அண்ணா, பீடியத் தூக்கிப் போடுங்க" என்று நான் கத்தியதில் பாவம் திடுக்கிட்டுப் போனார். சோடா மாவு போட்டால் ஆசிட் அடங்கும் என்பது எனக்குத் தெரியும். அடுக்களையில் பாதி பாக்கெட் சமையல் சோடா இருந்தது. போட்டேன், பொங்கியது, அடங்கியது, போட்ட இடம் தெரியவில்லை. பிறகு கணக்குப் பார்த்ததைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரியின் ஆசிட், அதாவது அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரில் 1240 காட்டுவது, ஒரு லிட்டரை முறிக்க ஏறக்குறைய 700 கிராம் சமையல் சோடா வேண்டும். ஒரே ஒரு பேட்டரி முழுக்கக் கொட்டினால் 12 கிலோவுக்கு மேல். என்னிடம் இருந்தது ஐம்பது கிராம்.

பெரியவர், "சார், எங்கூட்ல வெள்ளப் பவுடர் இருக்குது, தொட்டிக்குப் போடறது, கொண்டாறேன்" என்று ஓடினார். வந்ததும் கேட்காமல் ஒரு கை அள்ளி வாசற்படியில் போட்டுவிட்டார். பிளீச்சிங் பவுடர். நீச்சல் குளத்து நெடி நூறு மடங்கானது போல ஒரு வீச்சு, கண்ணெல்லாம் எரிச்சல். இரண்டு பேரும் இருமிக்கொண்டே புளியமரம் வரை ஓடினோம். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும். மூடிய ரூமில் ஒரு கிலோ போட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. வெள்ளையாக இருப்பதெல்லாம் சோடா இல்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லும் வேண்டாம், ஈரம் பட்டாலே கொதித்துத் தெறிக்கும். நீற்றின சுண்ணாம்புத் தூள் பரவாயில்லை, துணிச் சோடாவும் கேட்கும், அது கொஞ்சம் வேகமாகச் சூடேறிப் பொங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மரத்தூளைப் போட்டு உறிஞ்ச வைக்காதீர்கள், எரிகிற பொருளை ஆசிட்டில் ஊறவைத்தது மாதிரிதான் ஆகும்.

கடைசியில் கைகொடுத்தது மூன்று. தொழுவம் கட்ட இறக்கியிருந்த எம்-சாண்ட், தென்னைக்குப் பூச வைத்திருந்த நீற்றின சுண்ணாம்பு ஒரு மூட்டை, வெந்நீர் அடுப்புச் சாம்பல் இரண்டு தகரம். சாம்பலில் கங்கு இல்லை என்று கையால் துழாவிப் பார்த்த பிறகே ரூமுக்குள் விட்டேன். முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தோம். பைப் வாயை ஈரத்துணியும் மண்ணும் வைத்து அடைத்து, வாசலில் மணலால் ஒரு சின்னக் கரை போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மணலைத் தள்ளினோம். மணல் ஆசிட்டைக் குடித்துக்கொண்டு நின்றது. அதன் மேல் சுண்ணாம்பும் சாம்பலும். நுரை அடங்கியதும் கிளறிவிட்டு இன்னொரு கை. புதிதாகப் போட்டும் நுரைக்காவிட்டால் முறிந்துவிட்டது என்று அர்த்தம். நிற்கிற பேட்டரிகளின் மேல் எதையும் தூவவில்லை. சோடாவோ சுண்ணாம்போ மூடி வழியாக உள்ளே இறங்கினால் அந்த செல் அவ்வளவுதான்.

குனிந்து கிளறும்போது நுரை தெறித்து வலது கண்ணில் ஒரு துளி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரியாக நடந்துகொண்டேன். பெரியவர் இமையை விரித்துப் பிடிக்க, செம்பு செம்பாக இருபது நிமிஷத்துக்கு மேல் ஊற்றிக் கழுவினோம். காலையில் தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கழுவிட்டு வந்தீங்க, அதான் கண்ணு பிழைச்சது" என்றார். ஒரு வாரம் சொட்டு மருந்து. நூற்றைம்பது ரூபாய்க் கண்ணாடி ஒன்று ரூமில் மாட்டியிருந்தால் அதுவும் இல்லை.

விடிந்ததும் பார்த்தால் தரை ஊறிய பொரி மாதிரி, காலால் தேய்த்தால் உதிர்ந்தது. கடப்பா படி அரித்துக் குழிந்திருந்தது. கேபிள் நுனியில் மாட்டுகிற லக்குகளில் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது. மதியம் வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி மடங்கிய ஸ்டாண்டு காலைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு சாண் அளவுக்கு இரும்பே இல்லை, துருவும் பெயிண்டும்தான். "அண்ணா, எப்ப தண்ணி ஊத்துவீங்க?" என்று கேட்டார். ஞாயிறு சாயங்காலம், லெவல் குறைந்திருந்தால் வாய்வரை நிரப்பி வைப்பேன். அங்கேதான் கோளாறு. மறுநாள் சார்ஜ் ஏறும்போது ஆசிட்டின் லெவல் உயர்ந்து, குமிழி விட்டு, மூடி வழியாகக் கசியும். கசிவது ஆசிட், நான் மறுபடி ஊற்றுவது வெறும் டிஸ்டில்டு வாட்டர். கசிந்ததெல்லாம் ஸ்டாண்டு வழியாக இறங்கிக் காலின் அடியில் தங்கியிருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கிற ஈயத் தட்டு மூழ்காமல் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும், மற்றபடி சார்ஜ் நிறைந்த பிறகுதான், மிதவைக் கோடு வரைக்கும். தைப் பொங்கலுக்கு அந்தக் காலில் பெயிண்ட் உப்பியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்து, சுரண்டாமல், மேலேயே இன்னொரு கோட்டிங் அடித்தேன். இதை வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பணக் கணக்கு இது. உடைந்தது இரண்டு என்றாலும் அந்த வரிசை நான்கையும் மாற்ற வேண்டியதாயிற்று, நான்கு வருஷப் பழசோடு புதுசைத் தொடுத்தால் புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும். நான்கு புது பேட்டரி 66,000, பழையதுக்குக் கழித்தது 11,000. கேபிள், லக், ஃபியூஸ், எம்.சி.பி. இடம் மாற்றியது 6,200. தரையும் புது மேடையும் 9,500. மருத்துவமனை, போக்குவரத்து 1,800. ஆக 72,500 ரூபாய். வாரண்டி இருந்தது, ஆனால் கீழே விழுந்து உடைந்ததற்குச் செல்லாது என்றார்கள், அதில் நியாயம் இருக்கிறது. பதினேழு நாள் ஒரே வரிசையில் ஓட்டினேன், ஃபிரிட்ஜை அணைத்துவிட்டேன். பலாக்கன்று அந்த வாரமே இலை உதிர்த்தது, பிழைக்கவில்லை.

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது, அதை நிறுத்திச் சொல்ல வேண்டும். சோடா போட்டு நுரை அடங்கினால் ஆசிட் போச்சு, ஈயம் போகாது. உடைந்த பேட்டரியிலிருந்து வழிந்த சாக்லேட் நிறச் சேறு முழுக்க ஈயக் கலவை. அந்த மணலையும் சேற்றையும் குழி தோண்டிப் புதைத்தால் குழந்தை குட்டிகள் குடிக்கிற தண்ணீரில் போய் நிற்கும். ஏற்கனவே நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதோடு ஈயத்தையும் சேர்க்கணுமா? பிளாஸ்டிக் தட்டாலும் முறத்தாலும் அள்ளி, மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்தேன். வாய்க்காலில் நிறம் மாறிய மண்ணையும் ஓரடி ஆழத்துக்கு வெட்டி அதிலேயே போட்டேன். கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, என் கிணறு அதற்குள் இருந்தது. முடிவு வரும்வரை ஒன்பது நாள் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பழைய பேட்டரிக்கு ஒரு காயலான் கடைக்காரர் கூடுதல் விலை சொன்னார். ஆனால், "ஆசிட்ட அங்கேயே ஊத்திட்டுக் கொண்டாங்க" என்றார். எங்கே ஊற்றுவது? 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போய்ச் சேர வேண்டும், அதைத் திரும்ப எடுக்கிற பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதுசு வாங்கிய டீலரிடமே பேசினேன். டிரம்மை எடுக்க முதலில் முகம் சுளித்தார். பேட்டரி நான்கோடு அதையும் எடுத்தால்தான் புதுசு உங்களிடம் வாங்குவேன் என்றதும் எடுத்துக்கொண்டார். பேரம் பேச வேண்டியது பணம் கொடுப்பதற்கு முன்னால்.

இப்போதுள்ள மேடையைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஸ்டாண்டு கிடையாது. நம் ஊரில் வேலிக்கு நடுகிற கல்கம்பம் இருக்கிறதே, எட்டடியில் இரண்டை வாங்கித் தரையில் படுக்கப் போட்டு அதன் மேல் எட்டு பேட்டரியும் ஒரே வரிசையில், விரல் இடைவெளி விட்டு. விழ உயரம் இல்லை, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை, கருங்கல்லை இந்த ஆசிட் தொடாது. கல்லுக்கு அடியில் பண்ணைக் குட்டைக்கு விரிக்கிற கருப்பு ஹெச்.டி.பி.இ. ஷீட். குட்டை போட்ட ஒருவரிடம் மிச்சத் துண்டு வாங்கினேன். எட்டடிக்கு நான்கடி இடத்தைச் சுற்றி நான்கங்குலம் செங்கல் கரை, ஷீட்டைக் கரைக்கு மேலே ஏற்றி வெளியே மடித்துவிட்டேன். மூலைகளை வெட்டாமல், பரிசுப் பொட்டலம் மாதிரி மடித்தோம், வெட்டினால் அங்கே ஒழுகும். கல் குத்திவிடாமல் இருக்க ஷீட்டை இரட்டையாகப் போட்டோம். அந்தத் தொட்டி 300 லிட்டர் பிடிக்கும், கல்லின் இடம் போனாலும் எட்டு பேட்டரியும் ஒரே நாளில் உடைந்தால்கூட வெளியே வராது. முதலில் மேஸ்திரி கடப்பா கல்லையும் சிமென்ட் பூச்சையும்தான் சொன்னார். குழிந்த படியைக் காட்டினேன். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் டைல்ஸை நம்பலாம், நடுவில் அடைக்கிற சிமென்ட்டை நம்பாதீர்கள், எபாக்ஸி போட்டு அடைக்க வேண்டும். வெளியேற்றும் பைப்பை நிரந்தரமாக அடைத்தாயிற்று. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஜன்னல், வாயு போக.

கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டி. முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை, கண்ணாடி, கம் பூட்ஸ், பிளாஸ்டிக் முறம், ஆசிட் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க பி.ஹெச். தாள் ஒரு புத்தகம். பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, குழாயோடு. எம்-சாண்ட் இரண்டு மூட்டை. பேக்கரிக்குச் சரக்குப் போடுகிற கடையில் மொத்தமாக வாங்கிய சமையல் சோடா 15 கிலோ. மூட்டை மேல் மார்க்கரில் 'பேட்டரிக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் சும்மா தூக்கி எடை போட்டேன், 14.6 கிலோ இருந்தது. வீட்டம்மாவிடம் கேட்டால், ஆப்பத்துக்கு எவ்வளவு போட்டுவிடப் போகிறேன் என்கிறார்.